தகரக் கூரையின் கீழ் மிக்சிங் பழகுதல்: பதினான்கு தடங்களும் ஒரு குரலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால், தகரக் கூரை வீட்டில் குரல் பதிவு செய்ய முடியாது. மைக்கைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஏற்கெனவே பதிந்தவற்றை எடுத்துச் சீர்செய்யத்தான் அந்த நேரம் உதவும். மிக்சிங்கை, அதாவது தனித்தனித் தடங்களாகப் பதிந்த ஒலிகளை ஒரே பாட்டாகக் கலக்கும் வேலையை, நான் பழகியது பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரங்களில்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர யாரும் இல்லை, ஈப்போவுக்குப் போய்ப் படிக்கும் வசதியும் இல்லை. ஆகவே, தனியாகக் காதைப் பழக்கிக்கொள்ள விரும்பும் ஒருவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை ஒரே ஒரு பாடலை வைத்து இங்கே விளக்குகிறேன்.

அந்தப் பாடல், தைப்பூசத்துக்கு முன்பு எங்கள் பக்கத்துத் தோட்டத்து உறுமி மேளக் குழுவினர் பதிந்த முருகன் பாடல். இரண்டு உறுமிகளுக்கு நான்கு மைக்குகள், தவிலுக்கு இரண்டு, ஜால்ராவுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, கீபோர்டிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு தடங்கள், முதன்மைக் குரல் ஒன்று, பின்பாட்டு மூன்று என மொத்தம் பதினான்கு தடங்கள். கணினியில் ரீப்பர் என்ற ஒலிக்கலவை மென்பொருள் இருந்தால் போதும். அதை 60 நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் ஒன்றும் சிறிய ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் வேண்டும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஏனெனில் தொடக்கத்தில் செய்யும் பிழைகள் எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும்.

மழை கொட்டும்போது துப்புரவு வேலையை மட்டும் செய்யுங்கள். அளவு பற்றிய முடிவுகளை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு தடத்துக்கும் பெயரிட்டு, பாடகர் வாய் திறக்காத இடங்களில் புகுந்துள்ள சேவல் கூவலையும் மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் வெட்டி எடுங்கள். வெட்டிய முனைகளில் சில மில்லி விநாடி அளவுக்குச் சாய்வு கொடுத்தால் ‘டிக்’ என்ற ஒலி வராது. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், மண்ணிணைப்புச் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பதிவாகியிருக்கலாம். ஒடுக்கமான வெட்டு வடிகட்டியால் அந்த மூன்று இடங்களையும் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் அதற்கும் அடங்கவில்லை என்றால், மறுநாள் அந்தத் தடத்தை மீண்டும் பதிவதே மேல். கெட்ட பதிவைத் திருத்துவதில் செலவாகும் நேரத்தில் மூன்று முறை பதிந்துவிடலாம்.

மழை விட்ட பிறகு, இரவில், உண்மையான வேலையைத் தொடங்கலாம். முதல் ஐந்து நாள்களுக்கு ஈக்வலைசரையோ (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) கம்ப்ரெசரையோ (உரத்த இடங்களை அமுக்குவது) ரிவர்பையோ (எதிரொலி சேர்ப்பது) தொடக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபேடர்களையும் (தடத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகள்) கீழே இறக்கி, மொத்த ஒலியை மோனோவாக (இடமும் வலமும் சேர்ந்த ஒற்றை ஒலியாக) மாற்றி, ஒரே ஒரு ஸ்பீக்கரில், பக்கத்தில் இருப்பவர் பேசினால் தெளிவாகக் காதில் விழும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். மெல்லிய சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே உணர்கிறது. ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத்தான் காட்டின. அதனால் சத்தத்தைக் கூட்டினால் எந்தக் கலவையும் இனிமையாகத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும், ஆனால் மெல்லக் கேட்கும்போதும் குரல் முன்னே நின்றால் அந்தக் கலவையை நம்பலாம்.

முதலில் முதன்மைக் குரலை மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு கருவியையும் அடியிலிருந்து மெல்ல உயர்த்தி, அது இருப்பது தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஐயம் வந்தால் கருவியைக் கூட்டாமல், ஏற்கெனவே ஏற்றியவற்றில் எது வழியை மறிக்கிறது என்று பார்த்து அதை இறக்குங்கள். மொத்த அளவு உச்சத்தில் −6 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தால் பின்னால் எதற்கும் இடம் இருக்கும். இருபது நிமிடத்தில் கையை எடுத்துவிட்டு, கோப்புக்கு ‘நாள் 1’ என்று பெயரிட்டுச் சேமியுங்கள். மறுநாள் அதைத் திறக்காமல் பூஜ்யத்திலிருந்து மீண்டும் செய்யுங்கள். ஐந்தாம் நாள் ஐந்தையும் வரிசையாகக் கேட்டால், ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் வந்து நின்ற ஃபேடர்கள் எவை, நாளுக்கு நாள் அலைந்தவை எவை என்பது புரியும். எங்கள் பாடலில் அலைந்தவை ஆர்மோனியமும் இரண்டாவது உறுமியும். எந்த அளவில் வைத்தாலும் நிறைவு தராத தடங்கள்தாம் கருவிகளின் உதவியைக் கேட்பவை, மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம். புதிதாகப் பழகுபவர்கள் பதினான்கு தடத்திலும் பதினான்கு ஈக்வலைசரைப் போடுவதற்குக் காரணம், இந்த ஐந்து நாள்களை அவர்கள் தாண்டிக் குதித்துவிடுவதுதான்.

உறுமி ஏன் அலைந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்க்கும்போதுதான் நெஞ்சுக்குள் இறங்கும் அந்த உறுமல் வருகிறது. ஒரு முகத்தில் அடி விழும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்நோக்கிப் போகிறது, உள்ளே தள்ளப்பட்ட காற்று எதிர்முகத்தை அதன் மைக்கை நோக்கி வெளியே தள்ளுகிறது. ஆகவே ஒரு தடத்தின் அலை மேலே ஏறும் அதே கணத்தில் மற்றதன் அலை கீழே இறங்குகிறது, இரண்டையும் கூட்டினால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இரண்டில் ஒரு தடத்தின் துருவத்தைத் திருப்பும் (அலையை மேல்கீழாக்கும்) பொத்தானை அழுத்திவிட்டு, மோனோவில் இரண்டு நிலையையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் அடி கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை அறியாமல் இரண்டு வாரம் அந்த உறுமிக்குக் கீழ் ஒலியைக் கூட்டிக்கொண்டே இருந்தேன், பொத்தானை அழுத்தியதும் கூட்டியதையெல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று. மைக்குகளின் தூரமும் இதில் சேரும்: ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும், எனவே அரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அடி ஒன்றரை மில்லி விநாடி தாமதமாகத்தான் விழும். தவிலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

ஆர்மோனியத்தின் சிக்கல் வேறு. அது குரலோடு அதே சுருதியில், அதே இடத்தில் ஒலிக்கும் கருவி. குரலுக்கு இடம் வேண்டுமென்றால் ஆர்மோனியம் நகர வேண்டும். தமிழ்ப் பாட்டில் சொல் புரியாவிட்டால் மற்ற எந்த நயமும் கணக்கில் வராது என்பது என் கருத்து. ல, ள, ழ ஆகியவற்றைக் காது பிரித்தறிவதற்கு உதவும் ஒலிப்பகுதி பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளது. க, ட, த போன்ற வல்லினங்களின் வெடிப்பு அதற்கு மேலும் நீள்கிறது. ஆர்மோனியத் தடத்தில் 2,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்து, அகலமான வளைவில் 3 டெசிபெல் குறைத்தோம்; ‘வேல்’ என்ற சொல் மூடுபனியிலிருந்து வெளியே வந்தது. அதற்காகக் குரலைத் தொடவே இல்லை. குரலில் ஈக்வலைசரால் செய்தது ஒன்றே: 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டி, பாடகர் காலால் தாளம் போட்டதில் தரை வழியாக வந்த அதிர்வை நீக்கியது. ஈக்வலைசரில் மாற்றம் செய்யும்போது அந்தத் தடத்தை மட்டும் தனியே கேட்டு முடிவெடுக்காதீர்கள். தனியே மெலிந்து ஒலிக்கும் ஆர்மோனியம் கூட்டத்தில் சரியாக அமரும். தனியே செழிப்பாக ஒலிப்பது கூட்டத்தில் எல்லோர் காலையும் மிதிக்கும்.

அறையையும் ஒரு முறை சந்தேகப்படுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே நிலையாக நின்று, சுவரோரத்தில் வீங்கியும் நடுவில் வற்றியும் கேட்கும். நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டால் இது தெரியும். கீழ் ஒலி பற்றிய முடிவை ஹெட்ஃபோனிலும் சரிபார்க்காமல் எடுக்க வேண்டாம்.

கம்ப்ரெசரைப் பழகுவதற்கு அதை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதே சுருக்கமான வழி. தவில் தடத்தில் விகிதத்தை 10:1 என்று வைத்து, 15 டெசிபெல் அமுங்கும்வரை வாசலை (அமுக்கம் தொடங்கும் அளவை)க் கீழே இறக்குங்கள். இப்போது தாக்கும் நேரத்தை (அமுக்கம் பிடிக்க எடுக்கும் நேரத்தை) 1 மில்லி விநாடியிலிருந்து 30 வரை மெல்லக் கூட்டினால், முதலில் சப்பையாகக் கிடந்த அடியின் முனை வரவரக் கூர்மையாவது கேட்கும். பிறகு விடும் நேரத்தை (அமுக்கம் தளர எடுக்கும் நேரத்தை) மாற்றி, அடிகளுக்கு இடையே ஒலி மூச்சு வாங்குவது தாளத்தோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். காது இதைப் பிடித்துக்கொண்ட பின், விகிதத்தை 3:1க்குக் கொண்டுவந்து, 3 அல்லது 4 டெசிபெல் அமுங்கினால் போதும் என்று நிறுத்துங்கள். பக்திப் பாடகரின் குரலுக்கு நான் கம்ப்ரெசரை இரண்டாவதாகத்தான் நாடுவேன். மெல்லத் தொடங்கி, உச்சத்தில் ‘வேலா’ என்று அலறும் குரலை அந்த இயந்திரம் ஒரே மட்டமாக்கிவிடும். அதற்குப் பதில் ஃபேடரின் ஏற்றஇறக்கத்தை வரி வரியாகக் கையால் வரைந்தால், பாடகரின் உணர்ச்சியும் தப்பும், விழுங்கப்பட்ட ஈற்றெழுத்துகளும் மீளும். இது அரை நாள் வேலை, ஆனால் அரை நாளைக் கொடுக்கத் தகுந்த இடம் பாட்டில் இதுதான்.

இடம் வலமாகப் பரப்புவதில் அதிகம் யோசிக்க வேண்டாம். குரலும் தவிலும் நடுவில், உறுமிகள் இரு பக்கத்திலும் பாதித் தொலைவில், பின்பாட்டு சற்று அகலத்தில். ரிவர்பைத் தனித் தடத்தில் வைத்து, குரலையும் பின்பாட்டையும் அதற்கு அனுப்புங்கள். ரிவர்புக்கு முன் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுவது லண்டன் ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய உத்தி. குரலுக்கும் எதிரொலிக்கும் இடையே 30 மில்லி விநாடி இடைவெளி விட்டால் சொல் கரையாது. உறுமிக்கு ரிவர்பே வேண்டாம்.

எங்கள் ஊரில் பாட்டு கடைசியில் போய்ச் சேருமிடம் கோயிலின் கூம்பு ஒலிபெருக்கி, அல்லது யாருடைய மைவி காராவது. இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. முதன்முதலாக நான் கலவை செய்து கொடுத்த பாட்டை ஒரு திருவிழாவில் போட்டபோது கீபோர்டு அடியோடு காணாமல் போயிற்று. அகலமாகக் கேட்க வேண்டும் என்று கீபோர்டின் ஒரு பக்கத்தின் துருவத்தை மாற்றும் விளைவொன்றைப் போட்டிருந்தேன். ஒற்றை வழியில் ஓடும் கூம்பில் இடமும் வலமும் சேர்ந்ததும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. வீட்டிலேயே மோனோ பொத்தானை ஒரு தடவை அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். கூம்பில் இன்னொரு குறையும் உண்டு: தாழ்ந்த ஒலிகள் அதில் வரவே வராது, ஆகவே உறுமலின் அடிப்பகுதி அறுந்துபோகும். அதைக் கூட்டிப் பயனில்லை. உறுமித் தடத்தில் லேசான சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் விளைவு) சேர்த்தால் அந்த ஒலியின் மேல் மடங்குகள் வலுவாகும். மடங்குகள் கேட்டாலே, இல்லாத அடி ஒலியையும் காது தானே நிரப்பிக்கொள்ளும். கைப்பேசியிலும் இதே வழி உதவும்.

உங்களுக்குப் பிடித்த வெளியான பாடல் ஒன்றையும் அதே கோப்பில் ஒரு தடமாக வைத்துக்கொண்டு, இடையிடையே மாற்றிக் கேளுங்கள். ஆனால் வெளியான பாடல் உங்களுடையதை விடச் சத்தமாக இருக்கும். அதன் அளவை உங்கள் கலவையின் மட்டத்துக்கு இறக்காமல் ஒப்பிட்டால் சத்தமானதே சிறந்ததாகத் தோன்றும். சத்தத்துக்காகப் போட்டி போடுவதிலும் பயனில்லை, ஏனெனில் ஸ்பாட்டிஃபை வழக்கமாக ஒவ்வொரு பாட்டையும் ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது.

கலவை முடிந்ததாகத் தோன்றும் இரவில் கோப்பை மூடிவிடுங்கள். காலையில் காரில் ஒரு முறை, கைப்பேசியில் ஒரு முறை முழுதாகக் கேட்டு, நிறுத்தாமல் தாளில் குறியுங்கள். குறித்ததை மட்டும் திருத்துங்கள். 24 பிட் வேவ் கோப்பாக எடுக்கும்போது மூன்று பிரதிகள் எடுப்பது என் வழக்கம்: ஒன்று இறுதிக் கலவை, ஒன்று குரல் 1 டெசிபெல் கூடியது, ஒன்று குரலே இல்லாதது. குழுவினர் கேட்டுவிட்டு முதலில் சொல்வது பெரும்பாலும் “அண்ணே, குரல் கொஞ்சம் பத்தலையே” என்பதுதான், அப்போது இரண்டாவது கைவசம் இருக்கும். மூன்றாவது, ஒத்திகையில் பாடிப் பழகுவதற்கு.