கொன்டெய்னரில் மெயில் சேர்வர்: சறுக்கும் இடங்கள்

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு பில் அனுப்பும் மென்பொருள் செய்து கொடுத்தேன். பில்களை மெயிலில் அனுப்ப, மென்பொருளைத் தனிப்பெட்டியில் (கொன்டெய்னர்) ஓடவிடும் டொக்கரில், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வருக்கு ஒரு கொன்டெய்னர் போதும் என்று நினைத்தேன். அரை நாள் வேலை, அடுத்த இரண்டு வாரம் தலைவலி.

முதலில் 25ஆம் போர்ட், அதாவது சேர்வரின் 25ஆம் எண் வாசல். ஒரு சேர்வர் இன்னொரு சேர்வருக்கு மெயில் கொடுப்பது இந்த வழியால்தான். பல கிளவுட் நிறுவனங்கள் இதை முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கும். கொன்டெய்னரைக் குடைவதற்கு முன் வெளியே போக வழி இருக்கிறதா என்று டெல்நெட் என்ற கட்டளையால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வெள்ளவத்தை வீட்டு இணைப்பிலிருந்து அனுப்பும் யோசனை வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் வீட்டு ஐபியை (இணைய முகவரியை) பெரிய மெயில் சேவைகள் நம்புவதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அடுத்தது. பில் மென்பொருளும் இன்னொரு கொன்டெய்னரில் இருப்பதால், அது கடவுச்சொல் இல்லாமல் அனுப்பட்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸ் யாரை நம்பலாம் என்று சொல்லும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் 172.16.0.0/12 என்று உள் முகவரிகளின் முழு வலயத்தையும் போட்டுவிடுவோம். கூடவே, பழக்கதோஷத்தில் 25ஆம் போர்ட்டையும் வெளியே திறந்து விடுவோம். சில அமைப்புகளில், குறிப்பாக ஐபிவி6 (புதிய வகை ஐபி) வழியாக வரும்போது, வெளியாள் டொக்கரின் இடைத்தரகர் ஊடாக நுழைவதால் 172.17.0.1 போன்ற உள் முகவரியோடு தெரிவார். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. விடிவதற்குள் உங்கள் ஐபியிலிருந்து யார் யாருக்கோ லொத்தர் மெயில் போயிருக்கும். லினக்ஸின் தடுப்புச்சுவரான யுஎஃப்டபிள்யூ காப்பாற்றும் என்றும் இருக்க வேண்டாம். டொக்கர் திறக்கும் போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். உண்மையில், வெளியே அனுப்ப மட்டும் என்றால் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையே இல்லை. இரண்டு கொன்டெய்னர்களும் ஒரே உள் நெட்வொர்க்கில் இருந்தால் சரி.

அப்புறம் பெயர். ஹோஸ்ட்நேம் கொடுக்காவிட்டால் கொன்டெய்னர் 3f9c1a7be042 மாதிரி 12 எழுத்தைத் தன் பெயராகச் சொல்லும். அப்படி வந்து நிற்பவரை யார் உள்ளே விடுவார்? முழு டொமைன் பெயரைக் கொடுங்கள். ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவும் அதே பெயரோடு பொருந்த வேண்டும். நான் அதை டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அது ஐபியைத் தருபவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி என்ற பதிவு), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் தெரிந்த கதைதான். 2024 பெப்ரவரியிலிருந்து, ஜீமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். கடைக்கு அவ்வளவு இல்லை, ஆனாலும் வையுங்கள். கவனிக்க வேண்டியது, ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். பழையதன் கீழே புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. டிகிம் கையெழுத்திடும் தனிச்சாவியை, கொன்டெய்னரை உருவாக்கும் அச்சான இமேஜுக்குள் வைத்துக் கட்டவும் கூடாது.

மெயில் வரிசை இருக்கும் /var/spool/postfix-ஐ வொல்யூமில் (கொன்டெய்னர் அழிந்தாலும் அழியாத சேமிப்பிடத்தில்) வையுங்கள். போகாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை மறுபடி மறுபடி முயற்சிக்கும். வொல்யூம் இல்லாமல் நான் கொன்டெய்னரை இறக்கி ஏற்றியதில், காத்திருந்த பில்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின.

கொன்டெய்னர் நேரம் பெரும்பாலும் யூடிசி, அதாவது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். முதலாளி "ஒன்பதரைக்கு அனுப்பினேன், இன்னும் போகவில்லையே தம்பி" என்றால், லொக்கில் (சேர்வரின் பதிவேட்டில்) 4 மணியைத் தேடுங்கள்.