கடலோர அடுக்ககங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் அலிகாந்தே கடற்கரையில் எழவிருக்கும் அடுக்ககங்களின் வரைபடங்களை இளம் கட்டடக்கலைஞர்கள் கொண்டுவரும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அவற்றில் மீண்டும் காண்கிறேன். அறையளவு, வாகன நிறுத்தம் போன்றவற்றை அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

பால்கனியில் துளையிடுதல்

கடற்காற்று சுமந்துவரும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கிக் கம்பியை அடைந்ததும் அதன் பாதுகாப்புப் படலத்தை உடைக்கிறது. அப்போது உண்டாகும் துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து உதிர்கிறது. எனவேதான் 50 ஆண்டு ஆயுள் கொண்ட சாதாரணக் கட்டடத்திற்கு, இத்தகைய சூழலில் கம்பிக்கு வெளியே 35 மி.மீ. கான்கிரீட்டும் கட்டுமான விலகலுக்கென மேலும் 10 மி.மீ.யும், கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய நெறிமுறையான யூரோகோட் 2 பரிந்துரைக்கிறது. மெல்லிய விளிம்பின் அழகுக்காக முதலில் பலியாவது இந்த 45 மி.மீ.தான்.

அதைவிட என்னை இன்றும் எரிச்சலூட்டுவது, கைப்பிடித் தூண்களைத் தளத்தின் மேற்பரப்பில் துளையிட்டு நிறுத்தும் வழக்கம். சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனியைத் தாங்கும் முதன்மைக் கம்பிகள் தளத்தின் மேற்பகுதியில்தான் ஓடுகின்றன. நீர்த்தடுப்புப் படலத்தைக் கிழித்து, உப்புநீரை நேராக அவற்றின் மேலேயே இறக்குகிறோம். நான் ஆய்வு செய்த ஓர் அடுக்ககத்தில், ஒவ்வொரு தூணின் அடியிலும் பழுப்புக் கறை படிந்திருந்தது. கீழே நடப்போர் மீது கான்கிரீட் துண்டுகள் விழாதிருக்க வலை கட்டியிருந்தார்கள். சாரமும் பழுதுபார்ப்பும் குடியிருப்போர் தலையில் விழுந்தன. வரைந்தவரோ வேறு ஊரில் அதே கைப்பிடியை வரைந்துகொண்டிருந்தார்.

தூண்களை விளிம்பின் பக்கவாட்டில் பொருத்துங்கள். அடிப்புறத்தில் நீர் சொட்டும் பள்ளம் விடுங்கள். தளத்துக்கு வெளிப்புறமாகச் சரிவு கொடுங்கள்.

304 ரக எஃகு

இந்தத் துருப்பிடிக்காத எஃகு ரகம் கடலோரத்தில் வேண்டாம், மாலிப்டினம் கலந்த 316 ரகம் வாங்குங்கள்.

மேற்குக் கண்ணாடி

அலிகாந்தேயில் கோடை நண்பகல் சூரியன் ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் நிற்பதால், தெற்குப் பக்கத்துக்கு மேலே நீளும் பால்கனி ஒன்றே போதிய நிழல் தரும். மாலையில் தாழ்ந்து வரும் மேற்கு வெயிலை அது தடுக்காது. உள்ளே தொங்கும் திரையும் பயன்படாது, ஏனெனில் வெப்பம் அதற்குள் கண்ணாடியைக் கடந்திருக்கும். ஸ்பானியர் பெர்சியானா என்றழைக்கும், பட்டைகள் கோத்த தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். 1950-களில் பார்சிலோனாவின் பார்செலோனெட்டா பகுதியில் கட்டடக்கலைஞர் கோடெர்க் கட்டிய அடுக்ககத்தின் மரச் சட்டத் தட்டிகள், இவ்வேலையையே முகப்பின் அழகாகவும் மாற்றின.

ஒருபக்கச் சன்னல்

எதிரெதிர்ச் சன்னல்கள் இல்லாத வீட்டை வரையாதீர்கள்.