29,331 கோடியைக் கையால் பிரிப்பது எப்படி?

293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடி சொச்சம். என்னிடம் கணக்குப் படிக்க வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லி இந்த எண்ணைக் கட்டாயம் கொடுப்பேன். தாளும் பேனாவும் போதும், கால்குலேட்டர் வேண்டாம்.

கடைசி இரண்டு சுழியங்களை முதலில் கழற்றுங்கள். அது 100, அதாவது 2² × 5². மீதி 2933186256. ஒற்றைப்படை வரும்வரை பாதியாக்கிக்கொண்டே போனால், நான்காம் தடவையில் 183324141 வரும். இலக்கங்களின் கூடுதல் 27, எனவே 9-ஆல் வகுபடும்: 20369349. அதன் கூடுதல் 36, மறுபடி 9-ஆல் வகுக்க 2263261. இதன் கூடுதல் 22. 3-க்கு இனி இங்கே வேலை இல்லை.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 7, 11, 13 என்று தனித்தனியே வகுத்துப் பார்க்காதீர்கள். மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரம் அதைவிட ஒன்றுதான் குறைவு. ஆகவே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைக் கழித்தும் கூட்டியும் பாருங்கள்: 261 − 263 + 2 = 0. சுழியம் வந்தால் 1001 மீதியின்றி வகுக்கும். வேறு விடை வந்தால் அந்தச் சின்ன எண்ணை மட்டும் 7, 11, 13-ஆல் சோதித்தால் போதும். 2263261-ஐ 1001-ஆல் வகுத்தால் நமக்குக் கிடைப்பது 2261. அது 7 × 323. 323 என்பது 18²-இல் ஒன்று குறைவு. ஆக 17 × 19.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

காரணிகள் எத்தனை? ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஒன்றைக் கூட்டுவது, அந்தப் பகா எண்ணை எடுக்காமலே விடும் வாய்ப்புக்காக.

வகைப்படுத்துவது இனிச் சுலபம். 11-இன் அடுக்கு ஒற்றைப்படை, எனவே முழு வர்க்கம் இல்லை. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் எண்ணைப்போல் நாலரை மடங்குக்கும் மேல் வருகிறது, எனவே மிகை எண். இலக்கக் கூடுதலான 45 இதை வகுக்கிறது, எனவே மகாராஷ்டிரத்தின் தேவ்லாலி ஊர்ப் பள்ளி ஆசிரியர் கப்ரேகர் பெயர் சூட்டிய ஹர்ஷத் எண்களில் இதுவும் ஒன்று.

இதன் பெரிய தகுதி வேறு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 காரணிகளோ அதற்கு மேலோ கிடையாது. இத்தகைய எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இவற்றில் பகா எண்கள் இடையில் விடுபடாமல் வரும், அடுக்குகள் ஏறாது, 4, 36 நீங்கலாகக் கடைசி அடுக்கு 1 என்று நிறுவினார். மூன்றும் நம் எண்ணில் இருக்கின்றன. ஆனால் இவை இருந்தாலே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 30-க்கும் இவை உண்டு. ஆனால் அதன் எட்டுக் காரணிகளை 24-ஏ எட்டிவிடுகிறது.

அந்தக் கட்டுரையின் பட்டியல் 6746328388800 வரை போகிறது. நம் எண் அதில் விடுபட்டிருக்கிறது. அந்தக் கடைசி எண்ணையும் இதே வரிசையில் பிரித்துப் பாருங்கள். நம் எண்ணை 23-ஆல் பெருக்கியதுதான் அது, காரணிகள் 10080.