கொடைக்கானலையும் உதகையையும் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுலாத் தலங்களுக்கும் வயதாகும். அவை வளர்ந்து, நிரம்பி, தேங்கி, அதன்பின் சரியவோ புத்துயிர் பெறவோ செய்யும் என்று புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980இல் வகுத்துக் காட்டினார். அந்தத் தேக்கத்தைக் கடற்கரை ஊர்கள் பல முன்பே கண்டுவிட்டதால், அவை பட்டுத் தெரிந்துகொண்டதை நம் மலையூர்கள் படாமலே தெரிந்துகொள்ளலாம்.

கூட்டம் குறைந்தால் கட்டடத்தைக் கூட்டுவதுதான் முதல் தவறு. ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள கல்வியா நகராட்சி, மலிவுச் சுற்றுலாவை நம்பிக் கடலோரத்தை விடுதிகளால் நிரப்பியிருந்தது. வருகை ஆட்டம் கண்டபின், 1990களில் பழைய விடுதிகள் சிலவற்றை இடித்து அந்த இடங்களைத் திறந்தவெளியாக்கியது. இங்கோ, வியாபாரம் மந்தம் என்ற பேச்சு எழுந்த உடனே இன்னொரு காட்டேஜுக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அழகுபடுத்துவது அதைவிடப் பெரிய தவறு. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் விடுதிகளின் கழிவுநீர் கடலில் கலந்ததால், 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் அந்தத் தீவையே மூட வேண்டியதாயிற்று. வத்தலக்குண்டு சாலையில் ஏறி வருபவர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது கொடைக்கானல் ஏரியின் உபரிநீர். ஏரியில் எது கலந்தாலும் அது அங்கேயும் வந்து விழும் என்பதால், ஏரிக்கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் அமைக்கும் முன் கழிவுநீர்க் குழாய்களைச் சீர்செய்வதே முறை. குழாய்க்குத் திறப்பு விழா நடத்துவதில்லை என்பதுதான் சிக்கல் போலும்.

இ-பாஸ் வந்ததோடு வேலை முடிந்தது என்று இருப்பதும் சரியன்று. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில், 2025 கோடை சீசனுக்கு உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு வைக்கப்பட்டது. வரம்பு வண்டிகளுக்குத்தான். மீண்டும் திறந்தபோது போராகாய், தீவில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. தண்ணீரும் குப்பையும் ஆட்கணக்கில் பெருகுபவை என்பதால் அதுவே பொருத்தமான அளவுகோல்.

எதிர்ப்பு வந்தவுடன் பின்வாங்குவதும் வீண்செலவே. மயோர்க்கா உள்ளிட்ட பலேயாரிக் தீவுகள் 2002இல் கொண்டுவந்த சுற்றுலா வரியை மறு ஆண்டே கைவிட்டு, 2016இல் திரும்பவும் விதித்தன.