போலிப்பல் பறவையின் எலும்பைப் பாறையிலிருந்து எடுப்பது எப்படி?

போலிப்பல் பறவைகள் என்பவை, தாடை எலும்பே பல்போல முள்முள்ளாக நீண்டிருந்த, அழிந்துபோன கடற்பறவைகள். அவற்றில் பெலகோர்னிஸ் போன்ற ராட்சதப் பறவைகளின் புதைபடிவம் கிடைப்பதே அரிது. முழுசாகக் கிடைப்பது அதைவிட அரிது. காரணம் எலும்பின் சுவர்தான். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் விமான நிலையப் பணியின்போது 1983இல் வெளிப்பட்ட பெலகோர்னிஸ் சாண்டர்சியின் மேற்கை எலும்பு 94 செ.மீ. நீளம். ஆனால் இந்த இனத்து எலும்புகளின் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

தாடைத்துண்டு கிடைத்தால் அடையாளம் காண்பது எளிது. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். முதலைக்கோ டால்பினுக்கோ பல் தனியாகக் குழியில் உட்கார்ந்திருக்கும். இங்கே குழியும் இல்லை, எனாமல் பளபளப்பும் இல்லை. தாடை எலும்பே முள்முள்ளாக நீண்டிருக்கும். முள் உடைந்திருந்தால் உள்ளே கூடாக இருப்பது தெரியும். பெரிய முட்களுக்கு நடுவே சிறியவை வரும். தாடை இல்லாமல் வெறும் எலும்புத்துண்டை வைத்துப் பெயர் சூட்டிவிட வேண்டாம்.

தோண்டும் முன் அனுமதி வாங்குங்கள். பெலகோர்னிஸ் சிலென்சிஸ் கிடைத்த சிலியில் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அடுத்து, எலும்பு இருந்த அடுக்கு, திசை, ஜிபிஎஸ் புள்ளி எல்லாவற்றையும் குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

எலும்பை முழுக்கத் திறக்காதீர்கள். மேற்பரப்பு தெரிந்தால் போதும். 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம் பாராலாய்டு பி-72 (எலும்பை இறுக்கும் பிசின்) கரைத்துச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். பிரஷ்ஷால் தேய்த்தால் செதில் பெயரும். கரைசல் கெட்டியானால் உள்ளே இறங்காமல் மேலே தோலாகக் காயும், பிறகு உரியும்போது எலும்பையும் இழுத்துக்கொண்டு வரும். ஈர எலும்பில் விட்டால் வெள்ளை பூக்கும். நிழலில் உலரவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

சுற்றிலும் ஒரு சாண் மண்ணோடு மேடையாக வெட்டுங்கள். நனைத்த டிஷ்யூ காகிதம் நாலைந்து மடிப்பு, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகள் மூன்று அடுக்கு. காகிதத்தை விட்டுவிட்டால் பிளாஸ்டரோடு எலும்பும் பெயர்ந்துவிடும். நீள எலும்புக்குப் பட்டைகளுக்கு நடுவே மரச்சட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் புரட்டும்போது நடுவில் முறியும். பிளாஸ்டர் நன்றாக இறுகிய பிறகே அடிப்பக்கம் குடையுங்கள்.

அளக்கும்போது நீளத்தை நம்பலாம், அகலத்தை நம்பாதீர்கள். இந்த மெல்லிய எலும்பு மண்ணின் பாரத்தில் தட்டையாகிவிடும். கால் எலும்பின் சுற்றளவிலிருந்து எடை கணிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். இறகுகள் பதிவாகாததால் இறக்கை விரிநீளத்துக்கும் ஒற்றை எண் சொல்ல முடியாது; சாண்டர்சிக்கு 2014இல் வெளியான கணிப்பே சுமார் 6.1 முதல் 7.4 மீட்டர் வரை.

இங்கிலாந்தின் ஷெப்பி தீவுக் களிமண்ணில் கிடைக்கும் ஓடோன்டாப்டெரிக்ஸ் போன்ற போலிப்பல் பறவைகளின் எலும்பில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கும். ஈரக்காற்று பட்டால் அது அமிலமாகி எலும்பைத் தின்றுவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். மஞ்சளோ வெள்ளையோ தூள் தெரிந்தால் அந்தத் துண்டை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.