கைத்தாளில் அச்சிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றால் தாள் மிகுதியாகச் செலவானதால், அருகிலுள்ள பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு குழுவினர் அச்சிட்டு முடித்தனர். தாளையும் எழுத்தையும் ஒருசேர எண்ணிச் செய்த அந்த மரபு பிறந்த டெல்டாவிலேயே, கையால் தாள் செய்பவர் அச்சகத்தை அறியாமலும் அச்சிடுபவர் தாளை அறியாமலும் இருப்பது வருத்தத்துக்குரியது. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

அறுவடை முடிந்ததும் வைக்கோல் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, அதை மட்டுமே கொண்டு தாள் செய்ய முற்படுவது முதல் தவறு. வைக்கோலின் நார் குட்டையானது, அதில் மணற்சத்தும் அதிகம் என்பதால், தாள் மடித்தால் முறியும். திருவையாற்றுப் பக்கம் வெட்டிப்போடும் வாழைத்தண்டின் நாரையோ, பருத்திக் கழிவையோ கலந்தால்தான் வலு வரும்.

அந்த நாரை மிக்சியில் அரைத்துத் துண்டாக்குவதும் தவறே. அதை இடித்து, நுனி பிரியச் செய்ய வேண்டும். சிட்டிகைக் கூழை ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் இட்டுக் குலுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கட்டியின்றி மேகம்போல் பரவினால் பதம் வந்துவிட்டது. அளவுக்கு மீறி இடித்தாலோ, தாள் காயும்போது சுருங்கி விறைத்து, எழுத்தின் பதிவை ஏற்க மறுக்கும்.

தண்ணீரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரும்புச்சத்துள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்த தாளில் நாளடைவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். மழைநீர் சேமித்தால் இன்னும் நல்லது.

மை ஊறிப் பரவாதிருக்கக் கஞ்சிப் பசையுடன் படிகாரத்தை அள்ளிப் போடுவதைத்தான் நான் மிகவும் கண்டிப்பேன். படிகாரம் அமிலத்தன்மை கொண்டது. அது தாளை மஞ்சளாக்கி ஒடியச் செய்யும். படிகாரத்தைத் தவிர்த்து, கூழில் சிறிது சுண்ணக்கட்டித் தூளைச் சேர்த்தால் தாளின் ஆயுள் கூடும்.

அச்சிடும்போது, காய்ந்த தாளை அப்படியே ட்ரெடிலில் (காலால் மிதித்து இயக்கும் அச்சுப்பொறியில்) கொடுக்காதீர்கள். நனைத்த தாளும் காய்ந்த தாளும் மாறிமாறி அடுக்கி, மேலே பலகையும் பாரமும் வைத்து ஓரிரவு விட்டால் ஈரம் சீராகும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், நீர் ஒட்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த அடுக்கை நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், நனைத்த மறுநாளே அச்சிட்டு முடிப்பது அவசியம்.

தாளில் ஆழமாகக் குழி விழுவதே அழகு என்று கருதி அழுத்தத்தைக் கூட்டுவது ஈய எழுத்தைத் தேய்த்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி விழவில்லையென்றால் பலரும் மையைக் கூட்டுகிறார்கள். அப்போது ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் வளைவும் அடைத்துப் போகும். மையைக் கூட்டாமல், அந்த இடத்துக்கு நேராக அழுத்தப் பலகையில் மெல்லிய தாளொன்றை ஒட்டினால் புள்ளி தெளிவாக விழும்.