உளவுப் படங்களின் அரசியலைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவுப் படம் ஒன்றின் அரசியலை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, ஒரு சமூகத்தைச் சேர்ந்த பாத்திரங்களில் நல்லவர் எத்தனை பேர், கெட்டவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துத் தீர்ப்பை முடித்துவிடுவதாகும். 2013இல் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' சர்ச்சைக்குள்ளானபோது, நாயகனே முஸ்லிமாக இருக்கையில் படம் எப்படி முஸ்லிம்களுக்கு எதிரானதாகும் என்று பலர் கேட்டார்கள். நாயகன் விசாம் அகமது காஷ்மீரி, இந்திய உளவு அமைப்பான 'ரா'வின் அதிகாரி; நாட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பவர். ஆனால் தன் விசுவாசத்தை இவ்வளவு பெரிய அளவில் மெய்ப்பித்துக் காட்டியவருக்கு மட்டுமே கதையில் மரியாதை கிடைக்கிறதென்றால், எதையும் மெய்ப்பிக்கத் தேவையின்றித் தம் பாட்டுக்கு வாழ்கிற முஸ்லிமுக்கு அந்தக் கதையில் என்ன இடம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

கதை வெளிநாட்டில் நடப்பதால் அதன் அரசியலும் அங்கேயே நின்றுவிடும் என்று கருதுவது இதைவிடப் பெரிய தவறு. வில்லன் உமர் ஆப்கானிஸ்தானத்துக்காரன். அவன் தமிழ் பேசுவதற்குக் காரணமாக, கோவையிலும் மதுரையிலும் தங்கியிருந்தவன் என்று படம் சொல்கிறது. திரைக்கதையின் மொழிச் சிக்கலைத் தீர்ப்பதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் 1997 இறுதியில் கலவரத்தையும் 1998 பிப்ரவரியில் தொடர் குண்டுவெடிப்புகளையும் கண்ட நகரம் கோவை. அதன்பின் அங்கு வாழ்ந்த எளிய முஸ்லிம் குடும்பங்கள் வாடகை வீடு தேடும்போதுகூடச் சந்தேகப் பார்வையை எதிர்கொள்ள நேர்ந்தது. அவர்களின் காதில் அந்த வரி எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாராமல், அதைச் சுட்டிக்காட்டியவர்களைத் தொட்டாற்சிணுங்கிகள் என்று ஒதுக்கியது நியாயமே இல்லை.

அதற்காகப் படம் முழுவதையும் வெறுப்புப் பிரச்சாரம் என்று முத்திரை குத்துவதும் சரியான வாசிப்பாகாது. தற்கொலைத் தாக்குதலுக்குத் தயார்செய்யப்படும் இளைஞன் குழந்தையைப்போல ஊஞ்சலாடும் காட்சியில், போர் அவனிடமிருந்து பறித்துக்கொண்ட சிறுபருவம் கண்முன் நிற்கிறது. அதைக் காணாமல் எழுதப்படும் விமர்சனம் குறையுள்ளதே.

படத்தின் மீதான ஆட்சேபத்தையும் படத்தின் மீதான தடையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஒரு படத்தை, போராட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற அச்சுறுத்தலைக் காட்டி முடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே ரங்கராஜன் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்த வழக்கும் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியதுதான். அப்படியிருந்தும் 2013 ஜனவரியில் மாவட்ட ஆட்சியர்கள் 144ஆவது பிரிவின்கீழ் பிறப்பித்த உத்தரவுகளால் 'விஸ்வரூபம்' தமிழகத்தில் நிறுத்தப்பட்டது. சில இடங்களைத் திருத்த இயக்குநர் ஒப்புக்கொண்ட பிறகே பிப்ரவரி 7ஆம் தேதி அது இங்கே வெளியானது. கோவை வரியை எதிர்த்தவர்களும் ஊஞ்சல் காட்சியைப் போற்றியவர்களும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு நேருக்கு நேர் வாதிட்டிருக்க வேண்டிய நாட்களில், தமிழக ரசிகர்கள் படத்தையே பார்க்காமல் அதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.